புரொஃபசரம்மா

என் பேர் சரளா. முதல்லயே சொல்லிடறேன். சொல்லாம விட்டா கடைசிவரைக்கும் யாருக்கும் தெரியாது. இந்த மாண்ட்ரியல் ஊர்ல அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் கிடையாது.

ஒருத்தர் இருந்தார். காலையில மாடிப்படி மேல நின்னுக்கிட்டு, கண்ணாடியைக் காணோம்னு, "சரளா! சரளா!"ன்னு வீடு தீப்பிடிச்ச மாதிரி கத்துவார். கண்ணாடி அவர் தலை மேலயே இருக்கும். எனக்கு எரிச்சலா வரும். "ஏன் இப்படி என் பேரை ஏலம் போடறீங்க?"ன்னு அடுப்படியிலேருந்து நானும் கத்துவேன். போன வருஷம் பனி உருகற சமயத்துல மனுஷன் போய்ச் சேர்ந்தார். போகும்போது என் பேரையும் கையோட எடுத்துட்டுப் போயிட்டார்னு எனக்குப் புரியவே கொஞ்ச நாள் ஆச்சு.

யோசிச்சுப் பாருங்க. பையன் ராகவ் டொராண்டோல இருக்கான், அவனுக்கு நான் அம்மா. மருமக ஸ்நேகாவுக்கு ஆன்ட்டி. பேரன் நிகிலுக்குப் பாட்டி, அதுவும் ஸ்நேகா ஞாபகப்படுத்தினாத்தான். பக்கத்து வீட்டு ஃப்ரெஞ்சுக்கார அம்மா பனி தள்ளும்போது "போன்ஜூர் மதாம்"னு கையாட்டுவா. தெரிஞ்ச தமிழ்க் குடும்பங்கள்ல எல்லாருக்கும் நான் ராகவ் அம்மா, இல்லாட்டி புரொஃபசரம்மா. என் வீட்டுக்காரர் சந்திரமௌலி யுனிவர்சிட்டில இன்ஜினியரிங் சொல்லிக்கொடுத்தவர். அதனால அந்தப் பேர்.

மருந்துக் கடையில மட்டும் மைக்ல கூப்பிடுவாங்க. எப்படித் தெரியுமா? "மதாம் நதெஸான்!" நடேசன் எங்கப்பா. செங்கல்பட்டுல தாசில்தாரா இருந்து ரிட்டையர் ஆனவர். கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்த பாஸ்போர்ட்டோட நான் இங்க வந்து இறங்கினேன். இந்த மாகாணத்துல பொண்டாட்டி புருஷன் பேரை வெச்சுக்கச் சட்டம் விடாது. அதனால கவர்மென்ட் காகிதத்துல நான் அப்பா பேர், ஊர்ல புருஷன் பேர், வீட்ல பையன் பேர். நடுவுல நான் எங்க? பிரஷர் மாத்திரை வாங்கப் போனா செத்துப்போன எங்கப்பாவைக் கூப்பிடறாங்க. நான் எழுந்து போறேன்.

ஒரு நாள் கண்ணாடி முன்னாடி நின்னு "சரளா"ன்னு நானே சொல்லிப் பாத்தேன். வெக்கமா இருந்துச்சு. அப்புறம் அழுகையா வந்துச்சு. போய் ரசம் வெச்சேன்.

இதுல கூத்து என்னன்னா, இந்த விஷயம் எனக்குப் புதுசே இல்ல. மெட்ராஸ்ல நான் சரித்திரம் படிச்சவ. பி.எச்.டி. பண்ண ஆரம்பிச்சேன். தலைப்பு, ரோமாபுரி ராஜகுடும்பத்துப் பொம்பளைகளோட பட்டங்கள். சிரிக்காதீங்க. கோயம்புத்தூர், கரூர் பக்கம் மண்ணைத் தோண்டினா ரோமாபுரி வெள்ளிக் காசு வரும். டைபீரியஸ்னு ஒரு சக்கரவர்த்தி அடிச்ச காசு. ஒரு பக்கம் அவன் தலை. மறுபக்கம் ஒரு பொம்பளை நாற்காலியில உக்காந்திருப்பா. அவளைச் சுத்தி எழுத்து இருக்கும். அது அவ பேர் இல்ல, அந்த ராஜாவோட பட்டம். அவ அவன் அம்மா லிவியாவா இருக்கலாம்னு பண்டிதர்கள்லாம் சொல்றாங்க. இருக்கலாம், அவ்வளவுதான். மியூசியத்துல முதல் தடவை அந்தக் காசைக் கையில வாங்கினப்போ எனக்கு அப்படி ஒரு கோபம் வந்துச்சு. யாருடி நீ, வாயைத் திறந்து சொல்லேன்னு இருந்துச்சு. ரோமுக்கே போய்ப் பாக்கணும்னுதான் பாஸ்போர்ட் எடுத்தேன். அதுக்குள்ள மாப்பிள்ளை வந்துட்டார். ரோமுக்குப் பதிலா மாண்ட்ரியல். ராகவ் பிறந்தான், குளிர் வந்துச்சு, ஆராய்ச்சி பரண்ல ஏறிடுச்சு. யாரும் தடுக்கல. யாரும் கேக்கவும் இல்ல.

சரி, கதைக்கு வரேன்.

சென்ட் லோரன்ட்ல இரவிச்சந்திரன்னு ஒரு திருச்சிக்காரர் மளிகைக் கடை வெச்சிருக்கார். போன இலையுதிர் காலம், ரெண்டு பஸ் மாறி அங்க போனேன். வாசல்ல கால் வெச்சதும், "வாங்க புரொஃபசரம்மா, முருங்கைக்கா வந்திருக்கு"ன்னார். எனக்குப் பின்னாடி ஒரு பொண்ணு அரிசி மூட்டையை இடுப்புல அணைச்சுக்கிட்டு நின்னா. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். முகம் பூரா மரியாதை.

"அம்மா புரொபசரா? என்ன பாடம் அம்மா?"ன்னா.

நம்ம பக்கத்துல டாக்டரம்மான்னா ஊசி போடற டாக்டராவும் இருக்கலாம், டாக்டரோட சம்சாரமாவும் இருக்கலாம். இரவிச்சந்திரன் சொன்னது ரெண்டாவது. அந்தப் பொண்ணு எடுத்துக்கிட்டது முதலாவது. அவ பேர் கௌசலா, மட்டக்களப்பு. அங்க டீச்சரம்மான்னா பாடம் சொல்லிக் கொடுக்கறவதான், வேற யாராம்?

அவ கேட்டது, என்ன பாடம்? நான் சொன்னது, "ரோம் சரித்திரம்." சத்தியமா பொய் இல்ல. என் பாடம் அதுதானே? ஆனா வாயிலேருந்து வந்தவுடனே உடம்பெல்லாம் ஒரு மாதிரி சூடாச்சு. என்னைப் பாத்து "என்ன பாடம்"னு ஒருத்தி கேட்டு எத்தனை காலம் ஆச்சு!

"நாங்க சனிக்கிழமையில கொஞ்சம் பொம்புளையள் ஹோல்ல கூடுறம்மா. சமைக்கிறது, தேத்தண்ணி குடிக்கிறது, ஆராவது ஒராள் வந்து ஒரு விஷயம் கதைக்கிறது. போன கிழமை பல்லு டொக்டர் வந்தவ. நீங்களும் வந்து கதைக்கணும்"னா கௌசலா.

"ரோம் கதையெல்லாம் யாருக்கும்மா வேணும்?"

"பல்லுக் கதையை விட நல்லாத்தானே இருக்கும்?"

போனேன். அந்த ஹால் ஒரு ஃபேக்டரிக்குப் பின்னாடி, தாழ்வான கூரை, டியூப் லைட், ஒரு ஓரத்துல அடுப்படி. பதினஞ்சு இருபது பொம்பளைங்க. பாதிப் பேர் மருந்து ஃபேக்டரியில பெட்டி அடுக்கறவங்க, சிலர் ஆஸ்பத்திரியில வேலை. எல்லாரும் எழுந்து நின்னாங்க. எழுந்து நின்னாங்கய்யா, எனக்காக! மூலையில எண்பதைத் தாண்டின ஒரு அம்மா, அருளம்மாவாம், கௌசலாவோட மாமியார். காது மந்தம். அவங்ககூட நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து, "இரிங்க புரொபசரம்மா, நீங்க இரிங்க"ன்னாங்க. அந்த அம்மா மத்த எல்லாரையும் "இந்தா புள்ள, வா புள்ள"ன்னு அதட்டறதை அப்புறம் பாத்தேன்.

நான் பேசினேன். ரோம்ல பொண்ணுக்குன்னு தனியாப் பேர் வைக்கிற வழக்கமே அனேகமா கிடையாது. அப்பா குலத்துப் பேர்தான். அப்பா லிவியஸா, பொண்ணு லிவியா. அக்கா தங்கச்சி மூணு பேர் இருந்தா மூணும் ஒரே பேர், பெரியவ, சின்னவன்னு அடையாளம். பெரிய மரியாதை வேணும்னா "அகஸ்டா"ன்னு பட்டம். அதையும் அவளா வாங்க முடியாது. புருஷனோ மகனோ கொடுக்கணும். நீரோன்னு ஒருத்தன் அப்பத்தான் பொறந்த தன் பச்சைக் குழந்தைக்கே அந்தப் பட்டத்தைக் கொடுத்தான், அது நாலு மாசத்துல செத்துப்போச்சு. இன்னொரு ராணிக்கு, புருஷனோட போர்க்களத்துக்குப் போனான்னு, "பாசறைகளின் தாய்"னு பட்டம்.

"லிவியாவோட புருஷன் அகஸ்டஸ் உயில் எழுதினான். அதுல தன் பொண்டாட்டியைத் தனக்கு மகளா சுவீகாரம் எடுத்துக்கிட்டான். அப்பத்தான் அவன் குலப்பேரும் பட்டமும் அவளுக்கு வரும்"னேன்.

கௌசலா மாமியார் காதுக்குள்ள கத்திச் சொன்னா. அருளம்மா வாயில கை வெச்சாங்க. "பெண்சாதிய மகளாக்கினவனா? கிழவனுக்கு விசர் புடிச்சிட்டு!"

ஹாலே சிரிச்சுது. நானும் சிரிச்சேன், அவர் போனப்புறம் முதல் தடவையா வாய்விட்டு.

அப்புறம் லிவியாவோட மகன் டைபீரியஸ் கதை. சபையில எல்லாரும் அவளுக்கு "தேசத்தின் தாய்"னு பட்டம் கொடுக்கணும்னாங்க. மகன் வேணாம்னுட்டான். அவ செத்தப்போ சாவுக்கும் வரல.

"சாவீட்டுக்கும் வரல்லியா?"ன்னு யாரோ கேட்டாங்க. எல்லார் பிள்ளைங்களும் எங்கெங்கயோ இருக்குங்க. நானும் ராகவை நினைச்சேன். அவங்கப்பா காரியம் முடிஞ்சு அவன் தங்கினது நாலே நாள்.

அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். காலையில எழுந்தா புடவை எதுன்னு யோசிக்க ஒரு காரணம் இருந்துச்சு. பரண்ல ஏறின நோட்ஸையெல்லாம் இறக்கித் தூசி தட்டினேன். வாரம் ஒரு ராணி. ராகவ் ஃபோன்ல எப்பவும் போல, "அம்மா, அங்க உனக்கு யாரு இருக்கா? வீட்டை வித்துட்டு இங்க வந்துடு, பேஸ்மென்ட்டை உனக்காகவே ரெடி பண்ணியிருக்கோம்"னான். "எனக்கு சனிக்கிழமை க்ளாஸ் இருக்குடா"ன்னேன். க்ளாஸ்! அவன் ஏதோ யோகா க்ளாஸ்னு நினைச்சுக்கிட்டான்.

உண்மையைச் சொல்லியிருக்கணும், எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு வாரமும் பஸ்ல போகும்போது இன்னிக்குச் சொல்லிடலாம்னு நினைப்பேன். போய் உக்காந்ததும் "புரொபசரம்மா, ஒரு கேள்வி"ன்னு ஆரம்பிப்பாங்க. அந்த வார்த்தை இத்தனை வருஷம் என் மேல மாட்டியிருந்த புருஷன் சட்டை மாதிரி இருந்துச்சு. அந்த ஹால்ல மட்டும் அது எனக்கே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருந்துச்சு. கழட்ட மனசு வரல. அந்த ஒரு ரூம்லதான் நான் யாரோட சம்சாரமோ அம்மாவோ இல்லாம நானா உக்காந்திருந்தேன். அதுவும் போச்சுன்னா பேஸ்மென்ட்தான்.

பொங்கல் நெருங்கிச்சு. கௌசலா என் முழுப்பேரைக் கேட்டுக்கிட்டு, விழாவுக்கு ஒரு நோட்டீஸ் அடிச்சு வாட்ஸாப்ல எல்லாருக்கும் அனுப்பிட்டா. மஞ்சள் எழுத்துல, "சிறப்புரை: பேராசிரியர் சரளா சந்திரமௌலி." என் பேர் பக்கத்துல அந்த வார்த்தையைப் பாத்ததும் ஃபோனைக் கவுத்து வெச்சுட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி எடுத்துப் பாத்தேன்.

வாட்ஸாப் சும்மா இருக்குமா? எங்க பக்கம், கர்க்லாண்ட் வரைக்கும் வந்துடுச்சு. வியாழக்கிழமை ஸ்ரீலேகா கூப்பிட்டா. அவ புருஷன் எங்க வீட்டுக்காரர்கிட்ட படிச்சவன். தங்கமான பொண்ணு, அதுதான் பிரச்சனை.

"ஆன்ட்டி, அந்தப் பொங்கல் ஃப்ளையர் பாத்தீங்களா? உங்களைப் போய் ப்ரொஃபசர்னு போட்டுட்டாங்க! உங்களுக்கு எவ்வளவு சங்கடமா இருக்கும்னு நானே அந்த நம்பருக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன். சார்தான் ப்ரொஃபசர், ஆன்ட்டி ஹவுஸ்வைஃப்தான்னு. பாவம், அவங்க ரொம்ப ஸாரி சொன்னாங்க."

"நல்லது பண்ணேம்மா"ன்னேன். வேற என்ன சொல்ல? நல்லதுதானே பண்ணியிருக்கா. ஃபோனை வெச்சுட்டு அந்த நாற்காலியிலயே உக்காந்திருந்தேன். இருட்டினது தெரியல. விளக்குப் போடக்கூட எழுந்திரிக்கல. இந்த வயசுல இப்படி மாட்டிக்கிட்டியேடின்னு என்னையே திட்டினேன். எதிர் வீட்டுக் கார் வந்து நின்னுது, குழந்தைங்க இறங்கிச்சு, கதவு மூடிச்சு.

வழக்கமான சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போறதா வேண்டாமான்னு பெரிய யுத்தம். போகாம இருந்தா திருடி மாதிரி ஆயிடும். போனா என்ன மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது? கடைசியில போனேன். நல்ல புடவை கட்டல. வீட்டுப் புடவை, மேல கோட்டு.

உள்ள போனதும் எல்லாரும் எழுந்து நின்னாங்க. அதே மரியாதை. கௌசலா ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டா.

"புரொபசரம்மா, நீங்க ஒண்டும் யோசிக்க வேணாம். பிழை எங்கட பிழைதான், நாங்கதான் மாறி விளங்கிட்டம். புரொபசருட மனுசி எண்டாலும் எங்களுக்கு நீங்க எப்பவும் புரொபசரம்மாதான்."

கேட்டீங்களா? அதே வார்த்தை. ஒரு எழுத்து குறையல. போன வாரம் வரைக்கும் அது நான், இந்த வாரம் அவர் சம்சாரம். அவளுக்கு அது மரியாதை. அவ கண்ணுல துளிக் கள்ளம் கிடையாது. அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பிச்சு.

"கௌசலா, நான் உங்களை ஏமாத்தினேன். தெரிஞ்சேதான் சும்மா இருந்தேன்"னேன்.

"ஐயோ, என்னம்மா இது பெரிய கதை..."

"நான் படிச்சது நிஜம். சொன்னது நிஜம். புரொஃபசர் மட்டும்தான் பொய். அந்தப் பேர் எனக்கு வேணாம். அவர் போயிட்டார், அவர் பட்டத்தை நான் எதுக்குச் சுமக்கணும்? எனக்குன்னு ஒரு பேர் இருக்கு. சரளா. அதைச் சொல்லிக் கூப்பிடுங்க. அது போதும்."

எல்லாரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. கௌசலா கையைப் பிசைஞ்சா.

"அதெப்படியம்மா? வயசுக்கு மூத்த ஆக்களைப் பேர் சொல்லிக் கூப்பிட ஏலுமா? நாக்கு வராதும்மா." பக்கத்துல நின்னவளும் தலையாட்டினா. "சரளாம்மா எண்டு வேணுமெண்டா சொல்லுறம்"னு யாரோ மெதுவா சொன்னாங்க.

இவங்க மேல என்ன தப்பு? என்னைவிட சின்னவங்க. என்னைவிடப் பெரியவங்கல்லாம் போயாச்சு. அம்மா போயாச்சு, அக்கா போயாச்சு, கடைசியா அவர். பேர் சொல்ல உரிமை இருக்கறவங்க ஒவ்வொருத்தரா போய்க்கிட்டே இருப்பாங்க, மிச்சம் இருக்கறவங்களுக்கு மரியாதை தடுக்கும். வயசாறதுன்னா இதுதான் போலன்னு நினைச்சேன். போட்ட கோட்டோட அப்படியே கிளம்பிடலாம்னு திரும்பினேன். ராகவ்கிட்ட வரேன்னு சொல்லிட வேண்டியதுதான்.

"என்னகா சத்தம் அங்க?"

அடுப்படிக் கதவுல அருளம்மா. கையில கத்தி, தோள்ல துண்டு. கௌசலா போய் காதுக்குள்ள கத்தினா. "மாமி! இவங்க புரொபசர் இல்லியாம்! புருசன்தான் புரொபசராம்!"

நான் தலை குனிஞ்சு நின்னேன். சபையில விசாரணை மாதிரி இருந்துச்சு.

அருளம்மா என்னை மேலேருந்து கீழ வரைக்கும் பாத்தாங்க. "புரொபசர் இல்லியா?"

"இல்லை"ன்னேன், சத்தமா.

"அப்பாடா!"ன்னாங்க அந்த அம்மா. "இவ்வளவு நாளும் நீங்க, வாங்க, இரிங்க எண்டு எனக்கு நாக்குச் சுளுக்கிப் போச்சு. எத்தின வயசு உனக்கு?"

"அறுபத்தெட்டு."

"என்ட கடைசித் தங்கச்சிய விடச் சின்னவள். இவளுக்கா நான் எழும்பி நிண்டனான்?" ஹால்ல யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. "மாமி!"ன்னு கௌசலா பதறினா. அருளம்மா காதுலயே போட்டுக்கல. "உன்ட பேரென்ன?"

"சரளா."

"என்ன?"

"சரளா!" என் பேரை நானே அந்த ஹால் பூரா கேக்கறமாதிரி கத்தினேன். அடிவயித்துலேருந்து வந்துச்சு.

"அப்பிடிச் சொல்லு. வந்து இந்த வெங்காயத்த உரி. ராசா கதையெல்லாம் உரிச்சிட்டே சொல்லு, ஆர் வேணாமெண்டது?" சொல்லிட்டு அந்த அம்மா உள்ள போயிட்டாங்க.

நான் நகரல. கௌசலா என் கோட்டை வாங்கிக்கக் கை நீட்டிக்கிட்டு நின்னா. அவளுக்கு வெக்கம், எனக்காக. உள்ளேருந்து அடுப்புச் சத்தம், பாத்திரம் உருள்ற சத்தம். அப்புறம் அந்தக் கட்டைக் குரல்.

"சரளா! இஞ்ச வா புள்ள!"

கண்ணு மறைச்சுது.

"ஏய் சரளா! என்ன, உனக்கும் காது கேக்காதா?"

கேட்டுச்சு. முதல் தடவையே கேட்டுச்சு. இன்னொரு தரம் கூப்பிடட்டும்னுதான் பேசாம நின்னேன்.